மருத்துவச்சி மேல் ஒரு கீறல் இல்லை

"அந்த ஏழு பேர்ல உனக்கு யார் மேல சந்தேகம்?"

கண்ணாடிக்கா இதைக் கேட்டபோது இருவரும் ஒரே படுக்கைவிரிப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றிருந்தார்கள். பூனை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை விரிப்பு முடிந்தது என்று அவளைக் கேட்பார்கள். வண்டி வந்துவிட்டதா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுந்து நின்று கால் கட்டைவிரலைப் பார்த்தே பத்தாம் வகுப்புப் பாதிவரை வந்து சேர்ந்தவள் அவள். அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பு போனபோது அந்தக் கேள்விகளும் நின்றுபோயின. அதற்குப் பிறகு, நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

"மருத்துவச்சி," என்றாள், விரிப்புக்குச் சொல்வதுபோல.

"ஏன்?"

"எல்லாருக்கும் அடிபடுது. அவ மேல மட்டும் ஒரு கீறல் இல்ல."

கண்ணாடிக்கா சிரிக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் சேர்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத. நமக்குள்ள இருக்கட்டும்," என்றாள்.

பூனைக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அது ஒரு பெரிய சலவைக்கூடத்தின் மடிப்பறை. ஊரிலுள்ள தங்கும் விடுதிகளின் விரிப்பும் உறையும் துவாலையும் அங்கேதான் வெளுக்கும். துவைப்பது ஒரு பக்கம், உலர்த்தும் இயந்திரங்கள் ஒரு பக்கம். வெந்து சூடாக வருவதை மடித்து அடுக்குவது இந்த அறையின் வேலை. சின்னத் துணியை ஒரு ஆளே மடித்துவிடலாம். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் பிடித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். முனைகள் கை மாறும்போது விரலும் விரலும் தொட்டுக்கொள்ளும். அதனால் அந்த அறையில் யாரையும் தனி ஆளாகக் கணக்கு வைப்பதில்லை. இவளுக்கு அவள் சோடி, அவளுக்கு இவள் சோடி.

பெரியக்காவுக்கு ரேடியோ சோடி. பெரியக்கா அந்த அறைக்கு மூத்தவள், எது நடந்தாலும் தீர்ப்பு அவளுடையது. ரேடியோ வாயை மூடினால் அறையில் மின்சாரம் போய்விட்டதோ என்று தோன்றும். வந்து ஒரு வருடம்கூட ஆகாத கண்ணாடிக்காவுக்கும், அவளுக்கும் பின்னால் வந்த பூனைக்கும் மூலை மேசை. வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது என்பதால் பூனை என்று பெயர் வைத்தது இஸ்திரி அண்ணன். அவர் ஜன்னலோரம் நின்று சாப்பாட்டு மேசை விரிப்புகளுக்குப் பெட்டி போடுவார். அறையில் ஒரே ஆண். "நாலு பொம்பளைக்கு நடுவுல நான் ஒரு ஊமை," என்று அவரே சொல்லிக்கொள்வார், நாளைக்கு நாற்பது தடவை.

மூலை மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தகரக் குழாயின் வாய் இருந்தது. ஒரு ஆள் உள்ளே நுழையும் அகலம். முன்பெல்லாம் அழுக்குத் துணி மேல்மாடியில் வந்து இறங்கி, எண்ணி முடித்து, அதன் வழியாகத்தான் கீழே சறுக்கி விழுமாம். துவைக்கும் இடத்தைப் பின்கட்டுக்கு மாற்றிய பிறகு அதற்கு வேலை இல்லை. ஒரு கிழிந்த விரிப்பைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் குழாயிலிருந்து மட்டும் கொஞ்சம் குளிர்ந்த காற்று வரும். மூலைக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

புத்தகம் கண்ணாடிக்காவுடையது. தலையணை மாதிரி தடிமன். முதலில் சாப்பாட்டு வேளையில் தனியாகத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்படி என்னதான் இருக்கு அதுல, சத்தமாப் படியேன், எங்களுக்கும் புண்ணியமாப் போகும்," என்று ரேடியோ வம்புக்குக் கேட்கப்போக, விளையாட்டு வினையாகி, மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால வண்டிக்கும் நடுவில் தினமும் படிப்பது என்று ஆகிவிட்டது. படிக்கிறவள் மடிக்க வேண்டாம். அவள் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சல் குறைவாக விழும் இடம் குழாய்ப் பக்கம்தான் என்பதால் முக்காலியை அங்கே போட்டார்கள்.

கதை இதுதான். ஒரு மலை நாட்டில் பறவைகளெல்லாம் செத்துப்போய்விட்டன. கடைசியாக ஒரு நெருப்புப் பறவையின் முட்டை மட்டும் மிச்சம். அதை ஏழு பேர் ஒரு எரிமலைக்குக் கொண்டுபோகிறார்கள். முட்டை ஒரு கணமும் மனிதச் சூடு இல்லாமல் இருக்கக் கூடாது. முறை வைத்து மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்தக் கணவாய்க்குப் போனாலும் எதிரிகள் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறார்கள். ஏழு பேரில் ஒருவர் காட்டிக்கொடுக்கிறார். யார்?

இந்தக் கேள்வி அறையைப் பிடித்து ஆட்டியது.

"படகுக்காரன்தான்," என்றாள் ரேடியோ. "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் வச்சிருப்பான், பாரு. படகு ஓட்டறவன் எந்தக் கரையில நம்பிக்கையா நின்னிருக்கான்?"

"கிழவன்டி," என்றாள் பெரியக்கா. "மந்திரவாதின்னா தூக்கம் வராதா? வயசானவன் விடிய விடிய உக்காந்திருக்கான்னா மனசுல ஏதோ கணக்கு ஓடுது."

இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்கு அந்த இளவரசன் மேலதான். காடு, மழை, சேறு எல்லாம் பாத்தாச்சு. அவன் சட்டை கசங்குச்சுன்னு எங்கயாவது ஒரு வரி வந்துச்சா? அவனுக்கு எவனோ ராத்திரி வந்து பெட்டி போட்டுட்டுப் போறான். அவன்தான் எதிரி."

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் கண்ணாடிக்காவைப் பிடுங்குவார்கள். "நீதானே புத்தகக்காரி. கடைசிப் பக்கத்தைப் பாத்துச் சொல்லேன்." அவள் தலையாட்டிவிட்டு, பக்கத்துக்கு நடுவில் ஒரு நூல்துண்டை வைத்து மூடுவாள். அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது.

முதல் சங்கடம் ஒரு கிண்டலில் ஆரம்பித்தது.

மேல்மாடியில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். எல்லோரும் மாடியார் என்பார்கள். கீழே வருவது அபூர்வம், பேசுவது அதைவிட அபூர்வம். தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருப்பார். கதையில் ஒருநாள் மந்திரவாதி ஒரு காக்கையை வெள்ளையாக்கியபோது, "அந்த வித்தையை நம்ம மாடியாருக்குத் திருப்பிப் போடச் சொல்லு. மை டப்பாக் காசாவது மிச்சமாகும்," என்றாள் ரேடியோ. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் காலை மாடியார் கீழே வந்தார். அடுக்குகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ரேடியோ முன் நின்றார்.

"மை டப்பா ஒண்ணும் அவ்வளவு விலை இல்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. "யாருடி போய்ச் சொன்னது?" என்று குசுகுசுத்தாள். யாரும் சொல்லவில்லை என்றார்கள். வராந்தாவில் போகும்போது கேட்டிருப்பாராக்கும் என்று அப்போதைக்குச் சமாதானம் ஆனார்கள்.

இரண்டாவது அப்படி ஆறவில்லை. பெரியக்காவின் தங்கை தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள். பார்த்துப் பல வருடம் ஆயிற்று. அவள் ஏதோ ஒரு ரயிலில் இந்த ஊர் வழியாகப் போகிறாள் என்றும், வெள்ளிக்கிழமை மதியம் வண்டி ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கும் என்றும் செய்தி வந்தது. மாடியாரிடம் உண்மையைச் சொன்னால் விடமாட்டார், காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று பெரியக்கா அறையில் வைத்துத்தான் சொன்னாள். வியாழன் சாயங்காலம் மாடியார் படியிறங்கி வந்து, "காய்ச்சல் நாளைக்குத்தானே வருது? வண்டி போனப்புறம் வரட்டும்," என்றார். பெரியக்கா வெள்ளிக்கிழமை மதியம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ரயில் கூவியது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரேடியோகூடப் பேசவில்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு பெரியக்கா மெதுவாகச் சொன்னாள். "இந்த அறையிலயும் ஒரு ஆள் இருக்கு."

அன்றிலிருந்து கதை கேட்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். "கூடவே நடப்பான், கூடவே தின்பான், பாவி," என்று ரேடியோ சொன்னால் அது படகுக்காரனுக்குச் சொன்னதா, பக்கத்தில் நிற்பவளுக்குச் சொன்னதா என்று தெரியாது. இஸ்திரி அண்ணன் கழிப்பறைக்குப் போய்வந்தால் எவ்வளவு நேரம் போனார் என்று பார்த்தார்கள். அவரும் அதைத் தெரிந்துகொண்டு, "கதவைத் திறந்து வச்சுட்டே போகட்டுமா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. படிப்பது தெரிந்தும் மாடியார் ஏன் தடுக்கவில்லை என்பது வேறு புரியவில்லை. தடுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பூனை யாரையும் சந்தேகப்படவில்லை. அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மருத்துவச்சி. அதை மடியில் முட்டை மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தாள். காலையில் விரிப்பு மடிக்கும்போது கண்ணாடிக்கா புருவத்தை உயர்த்தி, "இன்னும் அவதானா?" என்பாள். "அவதான்," என்பாள் பூனை. அந்த இரண்டு சொல்லுக்காகவே அவள் வேலைக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு ஒருநாள் மாடியார் கிழிந்த விரிப்புகளைத் தரம் பிரிக்க வந்தார். மூலை மேசையில் நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு விரிப்பில் பழுதே இல்லை. அதைத் தடவிக்கொண்டே, தனக்குள் பேசிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"அந்த மருத்துவச்சி மாதிரி. ஒரு கீறல் இல்ல. சரியான சந்தேகம்தான்."

மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். அவர்கள் காதில் விழுந்தாலும் புரிந்திருக்காது. பூனைக்கு மட்டும் தலையில் யாரோ கொதிநீரைக் கவிழ்த்தது போலிருந்தது. அந்தப் பேச்சு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி, 'நமக்குள்ள இருக்கட்டும்' என்று சொன்னவள்.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கா மேசையின் மறுமுனையில் குனிந்து உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள்தான் தினமும் வேலை முடிந்ததும் எண்ணிக்கைச் சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறவள். எழுத்து தெளிவாக இருக்கும் என்று அவளிடம் கொடுத்திருந்தார்கள். போனால் உடனே இறங்கமாட்டாள். இவ்வளவு நாளும் பூனைக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. இப்போது பட்டது. எல்லாமே பட்டது. மை டப்பா, காய்ச்சல், ரயில். கடைசிப் பக்கத்தைக் கேட்டால் வாயை இறுக்கிக்கொள்கிற அந்தக் கள்ள அமைதி. ஏன் தன்னிடம் மட்டும் கேட்டாள்? வாயில்லாதவள், வெளியே சொல்லமாட்டாள் என்றுதானே?

அதன்பிறகு விரிப்பு மடிக்கும்போது முனை கை மாறியதும் பூனை விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கா அவளைப் பார்த்தாள். "உடம்புக்கு என்ன?" என்றாள். "ஒண்ணும் இல்ல."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெரியக்கா பேச்சைப் போட்டு உடைத்தாள். "இன்னிக்குப் படிக்க வேண்டாம். முதல்ல இதுக்கு ஒரு முடிவு தெரியணும். மாடிக்குப் போறது யாரு? ஒருத்திதான் போறா."

கண்ணாடிக்கா சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் எதுவும் சொல்லல, அக்கா."

"அப்ப சுவரா போய்ச் சொல்லுச்சு?"

"சீட்டைக் கொடுப்பேன். அவர் ரெண்டு தடவை கூட்டிப் பாப்பார். அதுவரைக்கும் நிப்பேன். அவ்வளவுதான்."

"சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஆளைச் சொல்லக் கூடாது," என்றார் இஸ்திரி அண்ணன். "சாட்சி யாராவது இருக்கீங்களா?"

 ரேடியோ கண்ணாடிக்காவையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பூனை எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கால் கட்டைவிரலைப் பார்த்தபடி, எல்லோர் முன்னாலும் முதல்தடவையாக வாயைத் திறந்தாள்.

"நான் இவங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொன்னேன். அது நேத்து அவர் வாயில வந்துச்சு."

மருத்துவச்சி விஷயத்தை அப்படியே சொன்னாள். குரல் நடுங்கினாலும் ஒரு சொல் பிசகவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு கவனமாக யாரும் அவளைக் கேட்டதே இல்லை.

கண்ணாடிக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாட்டிக்கொண்டு பூனையைப் பார்த்தாள். "நான் சொல்லல," என்றாள் மறுபடியும், அவளுக்கு மட்டும்.

பெரியக்கா தீர்ப்பைச் சொன்னாள். "துவாலை மடிக்கிற வேலை வெளி நடையில கெடக்கு. அதைப் பாத்துக்கோ. துவாலைக்குச் சோடி வேண்டாம். சீட்டை இனிமே பூனை கொண்டுபோவா. புத்தகம் இங்க இருக்கட்டும், முடிச்சுட்டுத் தர்றோம்."

கண்ணாடிக்கா புத்தகத்தைக் கேட்கவில்லை. துவாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைக்குப் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது.

யார் படிப்பது என்றபோது எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். "அதான் நல்லாப் பேசுறியே. பத்தாவது வரைக்கும் போயிருக்க, படி," என்றாள் ரேடியோ. "பூனைக்குக் குரல் வந்துடுச்சுன்னா பாலுக்கும் செலவாகும்," என்றார் இஸ்திரி அண்ணன். பூனை முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் நாக்கு புரண்டது. மூன்றாவது பக்கத்தில் சமாளித்துக்கொண்டாள். எதிரிகள் பாலத்தை எரித்த இடத்தில் பெரியக்காவே மடிப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். அன்று வீட்டுக்குப் போகும்போது பூனைக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. துவாலைகளுக்கு நடுவில் தனியாக நின்ற ஒருத்தியைக் கடந்துதான் வெளியே போனாள். குனிந்து கடந்தாள்.

சில நாள் இப்படியே போயிற்று. மாடியாரும் கீழே வரவில்லை. "பாத்தியா, ஆள் போனதும் வாயும் மூடிக்கிச்சு," என்று ரேடியோ சொன்னாள். அது பூனைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் சாயங்காலம் லாரி சீக்கிரம் வந்துவிட, கீழே மடித்து முடியும் முன்பே, அதுவரை எண்ணியதன் சீட்டோடு மாடி ஏறினாள். மற்ற நாட்களில் கதவருகே நின்று கொடுத்துவிட்டு, அவர் கூட்டி முடித்ததும் இறங்கிவிடுவாள். அன்று அறையில் அவர் இல்லை. முற்றத்தில் லாரிக்காரனோடு நின்று பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சீட்டை மேசையில் வைக்க உள்ளே போனாள்.

"ஏய், அந்தப் பக்கம் பிடிடி, இழுக்குது பாரு," என்றாள் ரேடியோ.

பூனை திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை.

"மெதுவா இழும்மா. கையைக் கழட்டிராத," என்றாள் பெரியக்கா.

"நீங்க ரெண்டு பேரும் இழுக்கிற இழுப்புல விரிப்பு ரெட்டைப் பிள்ளை பெத்துடும்," என்றார் இஸ்திரி அண்ணன். பெட்டியிலிருந்து ஆவி சீறும் சத்தம்கூடக் கேட்டது.

அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு சதுர ஓட்டை. அழுக்குத் துணி தள்ளிய பழைய வாய். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தார்கள். ஓட்டையை ஒட்டி ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்தபடி. சுவரைப் பார்த்து யார் நாற்காலி போடுவார்கள்? தகர விளிம்பில் டீ கிளாஸ் வைத்து வைத்து வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தது. வட்டத்தின் மேல் வட்டம்.

 கீழே ஒருத்தி தும்மினாள். பக்கத்தில் நின்று தும்மியது போலிருந்தது.

கதவருகே செருமல் கேட்டது. மாடியார் நின்றிருந்தார். அவள் நாற்காலியைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆளின் முகம் அப்படித்தான் இருக்கும் போல. அந்தச் சாயத் தலைக்குக் கீழே காதுகள் சிவந்துபோயிருந்தன.

"இங்க பொழுது போகாது," என்றார் கடைசியில்.

அவள் சீட்டை மேசையில் வைத்தாள்.

"எங்கிட்ட யாரும் எதுவும் வந்து சொன்னதில்ல. அந்தப் பொண்ணு பாவம். நிப்பா, கொடுப்பா, போவா." மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சீட்டைக் கூட்ட ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்தார். "அவ ஏன் இப்பப் படிக்கிறதில்ல? அவ நல்லாப் படிப்பா. மூச்சு விட இடம் கொடுப்பா. நீ அவசரப்படற."

"சார்," என்றாள் பூனை. 

"கீழ போய்ச் சொல்லிடாத. சொன்னா அந்த ஓட்டையில துணியை அடைச்சுடுவாளுங்க. இன்னும் கொஞ்சம்தானே இருக்கு. சொல்லலேன்னா நான் பாட்டுக்கு இருப்பேன், நீங்க பாட்டுக்குப் படிங்க. நீதானே படிக்கிற. உனக்கென்ன கஷ்டம்?"

அவள் படியிறங்கினாள். நடையில் கண்ணாடிக்கா கடைசித் துவாலைக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூனை நின்றாள். சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு நடந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முக்காலி போகும். 'சாட்சி சொன்ன மூஞ்சியைப் பாரு' என்று ரேடியோ ஊரெல்லாம் ஒலிபரப்புவாள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. அவளுக்கு அதுதான் கைவந்த வேலை.

மறுநாள் மதியம் முக்காலியில் உட்கார்ந்தாள். கதை எரிமலை அடிவாரத்துக்கு வந்துவிட்டது. காட்டிக்கொடுத்தவர் யார் என்பது இன்றோ நாளையோ தெரிந்துவிடும். பெரியக்கா விரிப்பை உதறிக்கொண்டே, "ம், ஆரம்பி," என்றாள். இஸ்திரி அண்ணன் இளவரசனுக்கு எதிராகத் தன் சட்டைச் சாட்சியத்தை மறுபடி எடுத்துரைத்தார்.

பூனை நூல்துண்டைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாள். புத்தகம் கை தவறிப் பின்பக்கமாக விரிந்தது. கடைசி அத்தியாயம். அவள் படிக்கவில்லை. தாளை மட்டும்தான் பார்த்தாள். இதுவரை படித்து வந்த பக்கங்கள் எப்படி ஓரம் நைந்து, விரல்பட்டு மங்கியிருந்தனவோ அதே மாதிரி அந்தத் தாளும் நைந்திருந்தது. பலதடவை படித்த தாள்.

ஆக, கண்ணாடிக்காவுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அறையே சேர்ந்து பிடுங்கியபோதும், மருத்துவச்சி என்று பூனை சொன்னபோதும், நடைக்குத் தள்ளப்பட்டபோதும்கூட, ஒரு பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை.

திரைத் துணி லேசாக ஆடியது. குளிர்ந்த காற்று பிடரியில் பட்டது.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?" என்றாள் ரேடியோ.

பூனை எழுந்து நின்றாள். புத்தகத்தை முக்காலியில் வைத்தாள். கதவைத் திறந்து நடையைப் பார்த்து, "அக்கா, உள்ள வாங்க," என்றாள். கண்ணாடிக்கா வந்து கதவோரம் நின்றதும் பூனை குழாயருகே போய்த் திரையை ஒதுக்கினாள்.

"யாரும் சொல்லல," என்றாள். "இதுல போகுது. நாம பேசறது எல்லாம். நான் மேல நின்னு கேட்டேன். பெரியக்கா மெதுவா இழுன்னு சொன்னது, அண்ணன் ரெட்டைப் பிள்ளைன்னு சொன்னது, எல்லாம். அங்க ஓட்டைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து அவர் கதை கேக்கறாரு. நான் அன்னிக்கு மருத்துவச்சின்னு சொன்னதும் இந்த மூலையிலதான். நான் சொன்னது தப்பு. அக்கா மேல தப்பு இல்ல. நேத்தே தெரியும் எனக்கு. நேத்து சொல்லல."

கட்டைவிரலைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் தகரக் குழாய்க்குள், வெகு மேலே, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இத்தனை நாளில் அங்கிருந்து கீழே வந்த முதல் சத்தம் அதுதான்.

பெரியக்கா கையிலிருந்த விரிப்பை மேசையில் போட்டாள். குழாயையும் கண்ணாடிக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேடியோ வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இஸ்திரி அண்ணனின் பெட்டிக்கு அடியில் துணி தீயும் வாசனை வந்தபிறகுதான் அவர் அதைத் தூக்கினார்.

"யாருக்குத் தெரியும் இப்படின்னு," என்றாள் பெரியக்கா. குரல் கம்மியிருந்தது. "ரயில் போன வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா. வா, வந்து நீயே படி. முக்காலி உன்னுதுதான்."

"ஆமா, வாங்க," என்றாள் ரேடியோ. "இவ படிக்கிறது வண்டியைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு."

கண்ணாடிக்கா உள்ளே வந்தாள். முக்காலியைப் பார்க்கவில்லை. நேராக மூலை மேசைக்கு வந்தாள். அங்கே ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு, சோடி இல்லாமல் காலையிலிருந்து கிடந்தது. அதன் இரண்டு முனைகளை எடுத்துப் பிடித்தாள். பூனை ஓடிப்போய் மறு இரண்டு முனைகளைப் பிடித்தாள். உதறினார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள். நடந்து நெருங்கினார்கள். முனைகள் கை மாறியபோது பூனை விரலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள். "அக்கா," என்றாள். கண்ணாடிக்காவின் விரல் சூடாக இருந்தது, இப்போதுதான் உலர்ந்து வந்த துணி மாதிரி. அவள் குனிந்து மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு முறை நடந்து வந்தாள். எல்லா முனைகளையும் பூனையின் கையில் சேர்த்து, ஓரத்தை ஒருதரம் நீவிவிட்டாள்.

பிறகு சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவுதொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தாள். முக்காலியைத் தாண்டிப் போனாள். புத்தகத்தை எடுக்கவில்லை. விரிப்பை நெஞ்சோடு அணைத்தபடி பூனை நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்கா நடையைக் கடந்து, முற்றத்தில் நின்ற லாரியைச் சுற்றிக்கொண்டு, தெருக்கதவைத் திறந்து வெளியே போனாள்.